வர்த்தக மேசையில் ஒரு சுகாதார நாற்காலி: வாசகர் கேள்வி பதில்

பன்னாட்டு வர்த்தகப் பேச்சுகளில் சுகாதாரத் துறையின் சார்பில் உட்காரும் மூத்த அதிகாரியைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே. பதவியின் பெயர் நாட்டுக்கு நாடு மாறும். ஆலோசகர், இயக்குநர், தூதர் என்று எப்படி அழைத்தாலும் வேலை ஏறக்குறைய ஒன்றுதான்.

கேள்வி: வர்த்தகத்துக்கு ஓர் அமைச்சகம், சுகாதாரத்துக்கு ஓர் அமைச்சகம் என்று இருக்கும்போது நடுவில் இன்னொரு உயரதிகாரி எதற்கு?

ஒரு வர்த்தக ஒப்பந்தம் இருபது, முப்பது அத்தியாயங்களாகப் பேசப்படும். அவற்றில் 'சுகாதாரம்' என்ற தலைப்பே பெரும்பாலும் இருக்காது. மருந்து விலையை முடிவு செய்யும் வாசகம் அறிவுசார் சொத்துரிமை அத்தியாயத்தில் இருக்கும். சிகரெட் பெட்டியில் போடும் எச்சரிக்கைப் படம் முதலீட்டு அத்தியாயத்தில் போய் மாட்டும். அரசு மருத்துவமனைக்கு யாரிடம் மருந்து வாங்கலாம் என்பது அரசுக் கொள்முதல் அத்தியாயத்தில் ஒளிந்திருக்கும். சுகாதார அமைச்சகத்துக்கு இந்த வரைவுகள் வந்து சேர்வதே கையெழுத்துக்கு முந்தைய வாரமாக இருந்தால் கருத்துச் சொல்லலாம். ஒரு கமாவைக்கூட மாற்ற முடியாது.

ஒவ்வொரு சுற்றுக்கும் முன்பே வரைவைப் படித்து, 'இந்த வாசகம் வந்தால் எந்த மருந்தின் மலிவு வடிவம் எத்தனை ஆண்டு தள்ளிப்போகும், கொள்முதல் செலவு எவ்வளவு கூடும்' என்று எழுத்தில் கொடுப்பவர் இவர். எதிர்த்திசையிலும் வேலை உண்டு. சுகாதாரத் துறை கொண்டுவரும் புதிய விதி உலக வர்த்தக அமைப்பின் விதிகளில் இடறாதபடி அதை முன்கூட்டியே செப்பனிட வேண்டும். இரு துறைகளும் சேர்ந்து உட்கார வேண்டும் என்று உலக சுகாதார மன்றம் 2006லேயே தீர்மானம் (எண் 59.26) போட்டுவிட்டது. கூட்டுக் குழு அமைத்த நாடுகளில்கூட அதில் பேசுபவருக்குப் பேச்சுவார்த்தைக் குழுவின் தலைவரோடு நேரடித் தொடர்பு இல்லையென்றால் குழு வெறும் தேநீர்ச் சந்திப்பாகத்தான் முடியும்.

எந்த அமைச்சகத்தில் இவரை வைப்பது என்றும் சிலர் கேட்டிருக்கிறார்கள். சம்பளம் சுகாதாரத் துறையில், நாற்காலி பேச்சுவார்த்தைக் குழுவில் என்பதே எங்கள் கருத்து. இரண்டும் வர்த்தகத் துறையிலேயே இருந்தால் ஓராண்டுக்குள் அவரும் வரிக்குறைப்புக் கணக்குதான் பார்த்துக்கொண்டிருப்பார்.

கேள்வி: 'மக்கள் உடல்நலத்துக்குக் கேடு' என்று சொல்லி ஒரு பொருளின் இறக்குமதியைத் தடுத்துவிட முடியாதா? உலக வர்த்தக அமைப்பு விடாது என்கிறார்களே.

தடுக்கலாம். சரக்கு வர்த்தகத்துக்கான காட் ஒப்பந்தத்தின் 20வது பிரிவு, மனித உயிரையும் உடல்நலத்தையும் காக்கத் 'தேவையான' நடவடிக்கைக்கு இடம் தருகிறது. கல்நார் எனப்படும் ஆஸ்பெஸ்டாஸுக்கு பிரான்ஸ் 1997 முதல் தடை போட்டது. கனடா வழக்குக்குப் போனது. 2001ல் மேல்முறையீட்டு அமைப்பு தடை செல்லும் என்றது. எவ்வளவு பாதுகாப்பு வேண்டும் என்பதை அந்தந்த நாடே முடிவு செய்துகொள்ளலாம் என்பதும் அந்தத் தீர்ப்பில் உறுதியானது.

தோற்ற வழக்குகளைப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே ஓட்டைதான்: வெளிநாட்டுப் பொருளுக்கு ஒரு நியாயம், உள்நாட்டுப் பொருளுக்கு இன்னொரு நியாயம். தாய்லாந்து இறக்குமதி சிகரெட்டைத் தடுத்துவிட்டு உள்நாட்டு சிகரெட்டை விற்றுக்கொண்டிருந்தது, 1990ல் தோற்றது. ஆனால் தோற்ற கையோடு, விளம்பரத் தடையையும் புகையிலைக் கட்டுப்பாட்டையும் எல்லாச் சிகரெட்டுக்கும் பொதுவான சட்டமாக 1992ல் கொண்டுவந்தது. சுகாதாரக் கணக்கில் அது பழைய தடையைவிட நல்ல முடிவு. அமெரிக்கா 2009ல் வாசனைச் சிகரெட்டுகளைத் தடை செய்தபோது, பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்து வந்த கிராம்புச் சிகரெட்டைத் தடுத்தது, உள்நாட்டில் தயாராகும் மென்தால் (புதினா மணச்) சிகரெட்டை விட்டுவைத்தது. 2012ல் அதுவும் தோற்றது.

பிரேசிலின் டயர் வழக்கை இந்தத் துறைக்கு வரும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். பழைய டயரில் மழைநீர் தேங்கும், கொசு முட்டையிடும், டெங்கு பரவும். குவித்து வைத்தால் தீப்பிடிக்கும், நச்சுப்புகை வரும். புதுப்பித்த டயரின் ஆயுள் குறைவு, அதை இன்னொரு முறை புதுப்பிக்கவும் முடியாது என்பதால் அதன் இறக்குமதியை பிரேசில் தடுத்தது. ஐரோப்பா வழக்குப் போட்டது. 2007ல் வந்த தீர்ப்பு, தடை சுகாதாரத்துக்குத் தேவைதான் என்று ஒப்புக்கொண்டது. ஆனாலும் பிரேசில் தோற்றது. தென் அமெரிக்க வர்த்தகக் கூட்டணியான மெர்கோசூர் நாடுகளுக்கு விலக்குக் கொடுத்திருந்தது ஒன்று. உள்நாட்டு நீதிமன்றங்களில் தடையுத்தரவு வாங்கி வியாபாரிகள் பழைய டயரை இறக்கிக்கொண்டிருந்தது இன்னொன்று. எந்த நாட்டு டயர் என்று பார்த்தா கொசு முட்டையிடுகிறது? சுகாதாரத் துறை சரியாகத்தான் வாதாடியது. ஓட்டை விழுந்தது வேறு துறைகளில். விலக்குகளின் பட்டியலை விதி வெளியாகும் முன்பே வாங்கி வரிவரியாகப் பார்ப்பது இந்த அதிகாரியின் வேலை என்று சொல்வது இதனால்தான்.

கேள்வி: பாக்கெட் உணவின் முன்பக்கத்தில் 'சர்க்கரை அதிகம்' என்று எச்சரிக்கை போடவைக்க அரசு நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நடைமுறையில் என்னென்ன படிகள்? எவ்வளவு காலம் ஆகும்?

எந்த ஒப்பந்தத்தின் கீழ் வருகிறது என்பதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். பூச்சிமருந்து எச்சம், நச்சு, கிருமி, உணவில் கலக்கும் சேர்மானம் போன்ற உணவுப் பாதுகாப்பு விஷயங்கள் எஸ்.பி.எஸ் (உணவு, விலங்கு, தாவரச் சுகாதார நடவடிக்கைகள்) ஒப்பந்தத்துக்குப் போகும். சர்க்கரை, உப்பு, கொழுப்பு என்று ஊட்டச்சத்துத் தகவல் சொல்லும் லேபிள் டி.பி.டி (வர்த்தகத்துக்கான தொழில்நுட்பத் தடைகள்) ஒப்பந்தத்துக்குப் போகும். இதை மாற்றி அறிவித்துவிட்டுப் பிறகு திருத்த அலைந்தால் மாதங்கள் வீணாகும்.

அடுத்து, கோடெக்ஸ் எனப்படும் சர்வதேச உணவுத் தரம் ஏதாவது இருக்கிறதா, நம் விதி அதோடு எங்கே ஒத்துப்போகிறது, எங்கே தாண்டுகிறது என்று ஒரு பக்கக் குறிப்பு தயாராக வேண்டும். தாண்டலாம், ஏன் தாண்டுகிறோம் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். பிறகு ஜெனீவாவில் உள்ள உலக வர்த்தக அமைப்புக்கு அறிவிக்கை. அந்தப் படிவத்தில் நான்காவது கட்டம் பொருளின் பெயரும் சுங்கக் குறியீடும். 'பொட்டல உணவுகள்' என்று மொட்டையாக எழுதினால் கேள்விகள் குவியும். ஏழாவது கட்டம் நோக்கமும் காரணமும். பல நாடுகள் இங்கே 'பொதுச் சுகாதாரம்' என்று இரண்டு சொல்லோடு விட்டுவிடுகின்றன. நாளைக்கு வழக்கு வந்தால் எதிர்த்தரப்பு முதலில் எடுக்கும் தாள் இதுதான். எந்த நோயைக் குறைக்க, யாருக்காக, எந்தத் தரவின் அடிப்படையில் என்று ஐந்தாறு வரியாவது எழுத வேண்டும். ஒன்பதாவது கட்டத்தில் நடைமுறைக்கு வரும் தேதி, பத்தாவதில் கருத்துகளுக்குக் கடைசித் தேதி.

கருத்துச் சொல்ல 60 நாள் தர வேண்டும் என்பது டி.பி.டி குழுவின் பரிந்துரை, முடிந்தால் 90. இறுதி விதி வெளியான பிறகு நடைமுறைக்கு வர, அவசரம் தவிர்த்து, பொதுவாக 6 மாதம் இடைவெளி வேண்டும். வந்த கருத்துகளைப் படித்துப் பதில் எழுத ஒரு மாதம் என்று வைத்தாலும், வரைவு கையில் வந்த நாளிலிருந்து குறைந்தது 9 மாதம் ஆகும். பட்ஜெட் உரையில் 'மூன்று மாதத்தில் கொண்டுவருவோம்' என்று அமைச்சர் அறிவிப்பதற்கு முன்பே இந்தக் கணக்கு அவர் கைக்குப் போயிருக்க வேண்டும். மேலே சொன்ன கிராம்புச் சிகரெட் வழக்கில் அமெரிக்கா விட்ட இடைவெளி வெறும் 3 மாதம். அது தனியாக ஒரு தோல்வி.

அதிகம் நடக்கும் தவறு ஒன்று உண்டு: அரசிதழில் இறுதியாக வெளியிட்டுவிட்டு அப்புறம் அறிவிப்பது. வரைவாக இருக்கும்போது அறிவித்தால்தான் மற்றவர்கள் கருத்தைக் கேட்டதாக அர்த்தம். சிலி நாட்டுக்கும் அதன் கறுப்பு எண்கோண முத்திரைக்கு எதிராக ஜெனீவாவில் பல கூட்டங்களில் கேள்விகள் வந்தன. சட்டம் 2012ல் இயற்றப்பட்டது, முத்திரை 2016 ஜூனில் கடைக்கு வந்தது. இடையில் இருந்த நான்கு ஆண்டில் பதில் சொல்லிச் சொல்லியே அதை நிலைநிறுத்தினார்கள்.

கேள்வி: அறிவியல் ஆதாரம் முழுமையாக இல்லாதபோது உணவுப் பொருளைத் தடுக்கலாமா?

தற்காலிகமாகத் தடுக்கலாம். எஸ்.பி.எஸ் ஒப்பந்தம் 5.7 அதற்குத்தான். ஆனால் நிபந்தனைகள் உண்டு: ஆதாரம் போதாமல் இருக்க வேண்டும், கையில் இருக்கும் தகவலை அடிப்படையாகக் கொள்ள வேண்டும், மேலும் ஆதாரம் தேட வேண்டும், நியாயமான காலத்துக்குள் மறுபரிசீலனை செய்ய வேண்டும். தடை போட்டதும் கோப்பை மூடிவிட்டால் கடைசி இரண்டும் காலி. ஐரோப்பா ஹார்மோன் ஊட்டிய மாட்டிறைச்சியைத் தடுத்து 1998ல் தோற்றது, அந்த இறைச்சியில் தங்கும் எச்சத்தைப் பற்றிய குறிப்பான ஆபத்து மதிப்பீடு இல்லாததால்தான். பொதுவான ஆய்வுகள் கட்டுக்கட்டாக இருந்தன. தடையை எடுக்க மாட்டோம் என்றதும், அமெரிக்கா ஆண்டுக்கு 11.68 கோடி டாலர் மதிப்புக்குப் பதில் வரி போட 1999ல் அனுமதி கிடைத்தது.

கேள்வி: கட்டாய உரிமம் கொடுத்தால் மருந்து விலை சரியும் என்கிறார்கள். பிறகு ஏன் நாடுகள் அதைக் கையில் எடுக்கத் தயங்குகின்றன?

காப்புரிமையாளரின் சம்மதம் இல்லாமலே அந்த மருந்தை வேறொருவர் செய்ய அரசு தரும் அனுமதிதான் கட்டாய உரிமம். தயக்கத்துக்கு அரசியல் அழுத்தம் ஒரு காரணம். அது எல்லோருக்கும் தெரிந்தது. வீட்டுப்பாடம் செய்யாதது இன்னொரு காரணம். அதை யாரும் பேசுவதில்லை.

அவசர நிலை அறிவித்தால்தான் கட்டாய உரிமம் என்பது தவறு. எந்தக் காரணத்துக்காகக் கொடுப்பது என்பதை நாடே முடிவு செய்யலாம் என்று உலக வர்த்தக அமைப்பின் 2001 நவம்பர் 14ன் தோஹா பிரகடனம் தெளிவாகச் சொல்கிறது. அவசர நிலையிலோ அரசின் லாப நோக்கில்லாத பயன்பாட்டிலோ கிடைப்பது ஒரு சலுகை மட்டும்: காப்புரிமையாளரிடம் முன்கூட்டி உரிமம் கேட்டிருக்க வேண்டியதில்லை. தனியார் நிறுவனம் விண்ணப்பித்தால் கேட்டிருக்க வேண்டும், அதற்குத் தேதியோடு கடிதமும் வேண்டும். இந்தியாவில் சோராஃபெனிப் என்ற புற்றுநோய் மருந்துக்கு நாட்கோ நிறுவனம் பேயருக்கு எழுதியது 2010 டிசம்பரில். விண்ணப்பம் 2011 ஜூலையில், உத்தரவு 2012 மார்ச் 9ல். மாதத்துக்கு 120 மாத்திரை. பேயர் விலை 2,80,428 ரூபாய். உத்தரவில் வைத்த உச்சவரம்பு 8,880 ரூபாய். காப்புரிமையாளருக்கு ராயல்டி 6 சதவீதம். மேல்முறையீட்டில் அது 7 ஆனது.

அதிகாரி முன்கூட்டியே பார்த்து வைக்க வேண்டியவை வேறு. உரிமம் தரும் அதிகாரம் யாருக்கு என்று உள்நாட்டுச் சட்டத்தில் பெயரோடு இருக்கிறதா? மேல்முறையீடு போட்டாலே உத்தரவு நின்றுபோகுமா? ராயல்டி கணக்கிட ஏதாவது வழிகாட்டி இருக்கிறதா? ஒரே மருந்துக்கு மூலக்கூறு, உப்பு வடிவம், படிக வடிவம், கூட்டு மாத்திரை என்று நாலைந்து காப்புரிமை இருக்கும். ஒன்றின் எண்ணை மட்டும் எழுதி உத்தரவு போட்டால் மற்றதைக் காட்டி வழக்கு வரும்.

உத்தரவு வந்த மறுநாளே மருந்து வந்துவிடாது. பிரேசில் 2007 மே மாதம் எஃபாவிரென்ஸ் என்ற எச்.ஐ.வி மருந்துக்கு உரிமம் கொடுத்தது. உள்நாட்டுத் தயாரிப்பு கைக்கு வந்தது 2009ல். அதுவரை இந்தியாவிலிருந்து வாங்கியது. காப்புரிமை ஆவணத்தைப் படித்தால் மட்டும் மாத்திரை செய்ய வந்துவிடாது.

தயாரிக்கும் ஆலையே இல்லாத நாட்டின் கதை இன்னும் சிக்கல். கட்டாய உரிமத்தில் செய்வது பிரதானமாக உள்நாட்டுச் சந்தைக்கே என்று உலக வர்த்தக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தமான ட்ரிப்ஸ் சொல்கிறது. இதற்கு 2003 ஆகஸ்ட் 30ல் ஒரு மாற்று வழி போட்டார்கள். 2007 ஜூலையில் ருவாண்டா 2,60,000 பொதி எச்.ஐ.வி கூட்டு மாத்திரை வேண்டும் என்று அறிவித்தது. தயாரித்தது கனடா நிறுவனம். மொத்தம் 1 கோடியே 56 லட்சம் மாத்திரை, ஒன்று 19.5 சென்ட். வேறு நாட்டுக்குத் திரும்பிப் போய்விடாமல் இருக்க மாத்திரையில் தனி முத்திரை, வழக்கமான வெள்ளைக்குப் பதில் நீல நிறம். முதல் பாதி போய்ச் சேர்ந்தது 2008 செப்டம்பரில், மறுபாதி 2009ல். ஒரே நாடு, ஒரே மருந்து, ஒரே அளவு என்று ஒவ்வொரு முறையும் தனித்தனி உரிமம் எடுக்க வேண்டியிருந்தால் எந்தத் தயாரிப்பாளர் இரண்டாம் முறை வருவார்?

கேள்வி: தடையற்ற வர்த்தக ஒப்பந்த வரைவில் மருந்து விலையைப் பாதிக்கும் வாசகங்களை எப்படி அடையாளம் காண்பது?

'காப்புரிமை' என்ற சொல்லை மட்டும் தேடிப் போகாதீர்கள். அதைவிடக் கனமானது தரவுப் பிரத்தியேக உரிமை. புதிய மருந்தைப் பதிவு செய்ய முதல் நிறுவனம் கொடுத்த பரிசோதனைத் தரவை, மலிவு வடிவமான ஜெனரிக் மருந்தைப் பதிவு செய்ய 5 ஆண்டோ அதற்கு மேலோ பயன்படுத்தக் கூடாது என்று வாசகம் வரும். இதனால் காப்புரிமையே இல்லாத மருந்துக்கும் தனியுரிமை கிடைக்கும். கட்டாய உரிமம் கொடுத்தாலும் மாத்திரையைப் பதிவு செய்ய முடியாமல் கிடக்கும். ட்ரிப்ஸ் கேட்பது நியாயமற்ற வணிகப் பயன்பாட்டிலிருந்து பாதுகாப்பு மட்டுமே. மறுக்க முடியாத நிலை வந்தால், 'கட்டாய உரிமம் அல்லது அரசுப் பயன்பாட்டின் கீழ் வரும் மருந்தின் பதிவை இந்தப் பிரிவு தடுக்காது' என்ற ஒரு வாக்கியத்தையாவது அதே பிரிவுக்குள் சேர்க்க வேண்டும். முன்னுரையில் சேர்த்தால் போதாது. ஒப்பந்தத்தோடு தனியாக இணைக்கும் பக்கக் கடிதத்தில் சேர்ப்பதும் அவ்வளவு பலமில்லை. 'பொதுச் சுகாதாரத்தை இந்த ஒப்பந்தம் பாதிக்காது' என்ற முன்னுரை வரியைப் பார்த்து நிம்மதியாகிவிடும் குழுக்கள்தான் அதிகம்.

காப்புரிமைக் கால நீட்டிப்பு, பதிவோடு காப்புரிமையை முடிச்சுப் போடுவது (காப்புரிமை இருக்கும்வரை ஜெனரிக்கைப் பதிவு செய்யாமல் விடுவது), எல்லையில் பறிமுதல் ஆகியவை அடுத்தவை. கடைசியது சாதுவாகத் தெரியும். 2008 டிசம்பரில் இந்தியாவிலிருந்து பிரேசிலுக்குப் போன லோசார்டான் என்ற ரத்த அழுத்த மருந்தின் சுமார் 500 கிலோ மூலப்பொருளை நெதர்லாந்து சுங்கம் பிடித்துவைத்தது. அனுப்பிய நாட்டிலும் வாங்கும் நாட்டிலும் காப்புரிமை இல்லை. விமானம் மாறிய நாட்டில் இருந்தது, அவ்வளவுதான்.

இப்படி ஒரு வாசகம் வந்தால், கொள்முதல் பிரிவிடம் அதிகம் செலவாகும் இருபது மருந்தின் பட்டியலை வாங்குங்கள். ஒவ்வொன்றுக்கும் காப்புரிமை முடியும் ஆண்டு, ஆண்டுச் செலவு, ஜெனரிக் வந்தால் எதிர்பார்க்கும் விலை ஆகியவற்றைக் குறித்து, தள்ளிப்போகும் ஆண்டுகளால் பெருக்குங்கள். நிதி அமைச்சகத்தை அசைப்பது இந்தக் கூட்டல் தொகைதான்; உரிமை, நீதி என்ற சொற்கள் அங்கே அவ்வளவு எடுபடாது. ஒப்பந்த வாசகம் கல்லில் எழுதியதும் அல்ல. பசிபிக் கூட்டாண்மை என்ற 12 நாட்டு வர்த்தக ஒப்பந்தத்திலிருந்து அமெரிக்கா விலகிய பிறகு, மீதி 11 நாடுகள் மருந்துத் தரவு உட்பட 22 பிரிவுகளை நிறுத்திவைத்தன.

கேள்வி: ஒரு தனியார் நிறுவனம் அரசாங்கத்தின் மீதே வழக்குப் போட முடியுமா?

முதலீட்டு ஒப்பந்தத்தில் இடம் இருந்தால் முடியும். சிகரெட் பெட்டியில் 80 சதவீதம் எச்சரிக்கை, ஒரு பிராண்டுக்கு ஒரே வகைப் பெட்டி என்ற உருகுவேயின் விதிக்கு எதிராக பிலிப் மோரிஸ் 2010ல் வழக்குப் போட்டது. 2016 ஜூலையில் உருகுவே வென்றது. வழக்குச் செலவுக்காக நிறுவனம் உருகுவேக்கு 70 லட்சம் டாலர் தரவும் உத்தரவானது. உலக சுகாதார நிறுவனம் அங்கே எழுத்துமூலம் கருத்துத் தாக்கல் செய்தது. சிகரெட்டை நிறுவனச் சின்னம் இல்லாத பெட்டியில் விற்க வேண்டும் என்ற ஆஸ்திரேலியாவின் வெற்றுப் பெட்டிச் சட்டத்துக்கு எதிரான முதலீட்டு வழக்கு 2015ல் விசாரணைக்கே எடுக்கப்படாமல் தள்ளுபடியானது, வழக்குப் போடவே நிறுவனம் ஹாங்காங்குக்குப் பங்கை மாற்றியது என்பதால். உலக வர்த்தக அமைப்பு வழக்கு 2020 ஜூன் வரை இழுத்தது. வென்றாலும் ஆறு, எட்டு ஆண்டு போகிறது. இதே விதியைக் கொண்டுவர நினைக்கும் மற்ற நாடுகள் அதுவரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கும். வழக்குப் போடுபவரின் ஆதாயம் பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது.

கேள்வி: கொள்ளைநோய்க் காலத்தில் முகக்கவசம், மருந்து ஏற்றுமதியை நாடுகள் நிறுத்தின. அது விதிமீறல் இல்லையா?

கடும் தட்டுப்பாட்டைத் தடுக்கத் தற்காலிகமாக நிறுத்த காட் 11வது பிரிவு இடம் தருகிறது. 2020 ஏப்ரலில் 80 நாடுகளும் சுங்கப் பகுதிகளும் அப்படிச் செய்ததாக உலக வர்த்தக அமைப்பு கணக்கிட்டது. சிக்கல் 'தற்காலிகம்' என்ற சொல்லில். முடிவுத் தேதி போடாத உத்தரவை யாரும் தானாக எடுப்பதில்லை.

கேள்வி: உலக வர்த்தக அமைப்பில் சேரும்போதே சுகாதார விதி பறிபோன நாடு உண்டா?

சமோவா. கொழுப்பு மிகுந்த வான்கோழி வால்பகுதியின் இறக்குமதியை 2007ல் தடுத்திருந்தது. 2012ல் உறுப்பினராகச் சேர, தடையை எடுக்க ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. உயர்ந்த சுங்கவரி போட மட்டும் இடம் கிடைத்தது.

கேள்வி: இந்தப் பதவிக்கு மருத்துவர் வேண்டுமா, வழக்கறிஞர் வேண்டுமா? நிறுவனங்களின் பிரதிநிதிகளை அவர் சந்திக்கலாமா?

யாராக இருந்தாலும் ஒப்பந்த வாசகத்தையும் கொள்முதல் கணக்கையும் தானே படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். காப்புரிமைத் தேடலுக்கு ஒருவர், ஆபத்து மதிப்பீட்டுக்கு ஒருவர் என இரண்டு பேராவது கீழே வேண்டும். சந்திப்பைப் பொறுத்தவரை, மருந்து, உணவு நிறுவனங்களைப் பார்க்கலாம்; இருவராகப் போய், குறிப்பெடுத்து, கோப்பில் வைக்க வேண்டும். புகையிலை வேறு. புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் 5.3 பிரிவுக்கான வழிகாட்டுதலின்படி, ஒழுங்குமுறைக்குக் கண்டிப்பாகத் தேவையென்றால் மட்டும், அதுவும் வெளிப்படையாக. உணவு விடுதியில் நடக்கும் 'சும்மா ஒரு அறிமுகச் சந்திப்பு' இதில் சேராது.